காமாலையன்று, குடி

போடிநாயக்கனூரிலும் அதனை அடுத்த மலையடிவாரத்து ஊர்களிலும் நம் ஆண்மக்களில் சிலர், நாற்பது வயது நிரம்பும் முன்பே, "மஞ்சள் காமாலை" கண்டு மௌத்தாகிறார்கள். மையித்து வீட்டு வாசலில் போடப்பட்ட நாற்காலிகளில் அமர்ந்திருப்போர் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்பவருக்கும் உண்மை தெரியும், கேட்பவருக்கும் தெரியும். கீழாநெல்லி கொடுத்தார்களா, பத்தியம் இருந்தாரா என்று மரியாதைக்காக இரண்டு கேள்விகள் கேட்கப்படும். பிறகு பேச்சு ஏலக்காய் விலைக்குத் திரும்பிவிடும். கபுருஸ்தானில் மூன்று பிடி மண் இட்டு, துஆ ஓதிக் கலைந்துவிடுகிறோம். நாமும் அந்த நாற்காலிகளில் அமர்ந்திருந்தவர்களே. நம் வாயாலும் அந்தக் காமாலைக் கதையைச் சொன்னவர்களே. ஆகவே இக்கட்டுரையில் வரும் சுடுசொற்கள் பிறரை நோக்கி மட்டும் எறியப்பட்டவை அல்ல.

"மதுவை இஸ்லாம் ஹராமாக்கியிருக்கிறது, ஆதலால் நம் சமுதாயத்தில் குடி இல்லை" என்று மேடையேறி முழங்குவோர் நம்மிடையே உண்டு. முதற்பாதி உண்மை. பிற்பாதி எங்கிருந்து வந்தது? வட்டியும் ஹராம்தான், புறம் பேசுவதும் ஹராம்தான், கைக்கூலி வாங்கலாம் என்று எந்த ஆலிமும் ஃபத்வா கொடுத்ததில்லை. அவையெல்லாம் நம் மஹல்லாவில் இல்லையென்று சொல்லும் துணிவு எவருக்கேனும் உண்டா? தடுக்கப்பட்டது என்பதற்கும் இல்லாதது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மறந்ததனால் வந்த கேடு, தடுக்கி விழுந்தவனைத் தூக்க ஆளில்லாமற் போனதுதான். இல்லாத நோய்க்கு எவர் மருந்து தேடுவார்?

மத்திய அரசின் சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவ அறிஞர்கள் நாடு முழுதும் ஆய்வு செய்து 2019-இல் அறிக்கை வெளியிட்டனர். மதுவால் கெட்டு, உதவி தேவைப்படும் நிலையிலுள்ள இந்தியர் ஏறத்தாழ 5.7 கோடிப் பேர் என்றது அது. மதுவுக்கு அடிமையானோரில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையைக் கண்டவர் என்றும் கூறியது. எஞ்சிய முப்பத்தேழு பேர் எங்கே இருக்கிறார்கள்? வீட்டின் பின்கட்டில் இருக்கிறார்கள். நம் வீடுகளின் பின்கட்டிலும் இருக்கிறார்கள்.

நம் பகுதியில் இது எப்படி நுழைந்தது என்பதை மலையேறிப் பார்த்தவர் அறிவர். போடிமெட்டுச் சாலையின் பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை என்று விரியும் ஏலமலையை நம்பிப் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் ராவுத்தர் குடும்பங்கள் எத்தனை! அதிகாலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து மேலேறிக் காய் எடுத்து, இருட்டும் வேளையில் இறங்கும் ஏழைப் பெண்களின் உழைப்பில் நிற்கிறது இந்த வணிகம். காய் எடுப்புக் காலம் ஆனி ஆடியில் தொடங்கித் தை வரை நீளும். பறித்த பச்சைக்காயைத் தாமதமின்றி ஸ்டோரில் ஏற்றி, சூடு கூடாமலும் குறையாமலும் ஏறத்தாழ ஒரு நாள் பொழுது காத்து உலர்த்தியாக வேண்டும். நிறம் போனால் விலை போயிற்று. அந்த ஸ்டோரில் இரவு முழுதும் விழித்திருக்கப் பெரும்பாலும் வீட்டின் இளைய மகனையே அனுப்புகிறோம். வெளியே விடாத சாரல். பேச்சுத் துணைக்கு ஒருவரோ இருவரோ. "குளிருக்கு ஒரு வாய்" என்றுதான் தொடங்குகிறது. (மது உடலைச் சூடாக்குவதில்லை. தோலுக்குக் குருதியைப் பாய்ச்சிச் சூடுபோன்ற மயக்கத்தைத் தந்து, உள்ளே இருக்கும் வெப்பத்தை வெளியேற்றிவிடுகிறது. குளிரில் குடிப்பவன் மேலும் குளிர்ந்துபோகிறான் என்பதே மருத்துவர் சொல்வது.) 2019 ஆகஸ்டில் ஏலத்தில் ஒரு கிலோ ஏழாயிரம் ரூபாயைத் தொட்டபோது மகிழ்ச்சிக்காகக் குடித்தார்கள், விலை சரிந்தபோது துக்கத்துக்காகக் குடித்தார்கள். காரணத்துக்கு என்றுமே பஞ்சமிருந்ததில்லை.

அரசைக் குறை சொல்ல நமக்கு நன்றாகத் தெரியும். சொல்லவும் வேண்டும். 1937-இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கி நாட்டுக்கு வழிகாட்டிய மாநிலம் இது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, 1981-இல் மறுபடியும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் பிறந்தது. 2003-இல் சில்லறை விற்பனையையும் அரசே கையில் எடுத்துக்கொண்டது. கடையை அகற்றக் கோரி நம் ஜமாஅத்துகள் மனுக் கொடுத்ததுண்டு. தட்டி பிடித்து வெயிலில் நின்றதும் உண்டு. அந்தத் தட்டியைப் பிடித்து நின்ற கைகளுக்கு ஒரு கேள்வி: கடையிலிருந்து தள்ளாடி வெளியே வந்த நம் பிள்ளையை அன்று மாலை யார் கைப்பிடித்து அழைத்துச் சென்றீர்கள்? கடை மூடினால் அவன் அடுத்த கடைக்கு நடப்பான். அதுவும் மூடினால் கள்ளச் சாராயத்தைத் தேடுவான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டதை நாடே பார்த்தது. கடையை மூடும் போராட்டம் குடிக்காதவனைக் காக்கும் போராட்டம். குடிநோயில் விழுந்துவிட்டவனுக்கு வேண்டியது வேறு.

அவனுக்கு நாம் என்ன செய்கிறோம்? முதலில் குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் வாங்குகிறோம். அது பத்து நாளில் முறிகிறது. இப்போது குடித்த பாவத்தோடு சத்தியம் முறித்த பாவமும் அவன் தலைமேல். அடுத்து அறையில் வைத்துப் பூட்டுகிறோம். இதன் அபாயத்தை ஒவ்வொரு தாய்தந்தையும் அறிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகிய உடலிலிருந்து மதுவைத் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் காணும். ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் சித்தம் கலங்கி, இல்லாத உருவங்களைக் கண்டு அலறலாம். உயிரையும் பறிக்கக்கூடிய நிலை இது. நம் வீடுகளில் இதனை ஜின் பிடித்தது என்று எண்ணித் தண்ணீர் ஓதித் தெளிக்கிறார்கள். ஓதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் ஓதிக்கொண்டே வண்டியிலேற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மதுரை இராசாசி மருத்துவமனையிலும் மனநல மருத்துவப் பிரிவுகள் உள்ளன. சில நாள் மருந்தும், பி-1 வைட்டமின் ஊசியும், கண்காணிப்பும் அந்த ஆபத்தைக் கடத்திவிடும். 14446 என்னும் எண்ணைக் கட்டணமின்றி அழைத்து வழி கேட்கவும் அரசு ஏற்பாடு செய்திருக்கிறது.

இவையெல்லாம் தோற்றபின் நம்மவர் கைக்கொள்ளும் கடைசி வைத்தியம் ஒன்று உண்டு: "ஒரு கால்கட்டுப் போட்டால் திருந்திவிடுவான்." அடுத்த மாவட்டத்தில், விவரமறியாத வீட்டில், ஏழைக் குமரொன்றைத் தேடிப் பிடித்து நிக்காஹ் நடத்துகிறோம். ஒரு பெண்ணின் வாழ்வை மருந்தாக அரைத்து அவன் வாயில் ஊற்றுகிறோம். நோயும் தீர்வதில்லை; மருந்தும் மிஞ்சுவதில்லை. இதைவிடப் பெரிய அநியாயத்தை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குச் செய்ய முடியுமா?

ஒன்றை மட்டும் நன்றியோடு குறிப்பிடவேண்டும். நாற்பது நாள் ஜமாஅத்தில் அனுப்பப்பட்ட பிள்ளைகள் பலர் அந்த நாற்பது நாளும் குடியாமல் இருந்திருக்கிறார்கள். காரணம் என்ன? ஐவேளைத் தொழுகையின் ஒழுங்கு. அதனோடு எந்நேரமும் உடனிருந்த தோழர்கள். நாற்பத்தொன்றாம் நாள் அவன் போடிக்குத் தனியாகத் திரும்புகிறான். அதே பழைய மாலைப்பொழுது. அதே பழைய தெரு. தோழர்கள் மட்டும் இல்லை. வாரந்தோறும் அவனுக்கு அத்தகைய ஒரு கூட்டம் வேண்டும். தன்னைப்போலவே விழுந்து எழுந்தவர்களின் கூட்டம். அவன் சொல்வதைக் கேட்டு முகஞ்சுளிக்காத கூட்டம்.

அப்படி ஒன்று உலகில் இல்லாமலில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்த ஒரு பங்கு வணிகர், மறுபடியும் கை நடுங்கும் வேளையில், குடிப்பழக்கமுடைய ஒரு மருத்துவரைத் தேடிச்சென்று பேசினார். அறிவுரை சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். சொன்னவரும் பிழைத்தார், கேட்டவரும் பிழைத்தார். "ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்", அதாவது பெயர் சொல்லாக் குடிநோயாளர் கூட்டுறவு, அவ்வாறு பிறந்தது. 1957 முதல் இந்தியாவிலும் நடந்துவருகிறது. தமிழிலும் கூட்டங்கள் கூடுகின்றன. சேர்வதற்குக் கட்டணமில்லை, விண்ணப்பமில்லை. குடியை விடவேண்டும் என்ற ஆசை ஒன்றே போதும். முழுப் பெயரைக் கூறவேண்டியதில்லை. அங்கே கேட்டது வெளியே போகக்கூடாது. இது வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. ஏறத்தாழ பத்தாயிரம் பேரை உட்படுத்திய 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் காக்ரேன் மருத்துவ ஆய்வமைப்பு வெளியிட்ட அறிக்கை, தொடர்ந்து குடியாதிருப்பதில் இவ்வழி மற்றச் சிகிச்சைகளுக்கு இணையானது, சிலவற்றில் மேலானது என்று கண்டது.

போடியில் ஒரு குடும்பம் இத்தகைய கூட்டத்தைத் தேடிப் புறப்பட்டால் யாரைக் கேட்கும்? பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ரமலான் நேரப் பட்டியல் இருக்கிறது. சந்தா பாக்கிப் பட்டியல் இருக்கிறது. நிக்காஹ் கட்டண விவரமும் இருக்கிறது. இந்த ஒரு விவரம் இல்லை. தேனியிலோ மதுரையிலோ எந்த நாளில், எந்த இடத்தில் கூட்டம் என்று விசாரித்து ஒரு வரி எழுதி ஒட்டுவதற்கு என்ன செலவு? எழுதினால் நம்மிடையே குடிகாரர் உண்டென்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதுதானே தயக்கம்?

உலமாப் பெருமக்கள் சிலர் எழுப்பும் ஐயங்களை நாம் அலட்சியம் செய்யவில்லை. அக்கூட்டங்கள் மாதாகோவில் கூடங்களில் நடக்கின்றனவே என்பது ஒன்று. நடக்கின்றன, உண்மை. அவர்கள் கதவைத் திறந்தார்கள், நாம் திறக்கவில்லை. திறவாதவன் திறந்தவனைக் குறை சொல்வது எவ்வூர் நியாயம்? அவர்களுடைய பன்னிரண்டு படிகளில் இறைவனை "அவரவர் அறிந்தவாறு" என்று சொல்கிறார்களே என்பது இரண்டாவது. அல்லாஹ்வை அறிந்தவனுக்கு அச்சொல் எந்தத் தடையையும் போடவில்லை. போதாதென்றால், 1989-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்து முஸ்லிம்கள் "மில்லத்தி இஸ்லாமி" என்ற பெயரில் அதே படிகளை ஈமானுக்கு இசைய வகுத்துக்கொண்டு கூடிவருவதைப் பாருங்கள். தன்னைத்தானே கணக்கெடுத்தல் நமக்குப் புதிதா? முஹாசபா என்று நம் பெரியார்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தீங்கிழைத்தவர்களிடம் சென்று ஈடுசெய்தல் ஹக்குல் இபாத் அன்றோ?

மூன்றாவது ஐயம் கனமானது. பாவத்தை மறைக்கவேண்டும், பிறரிடம் சொல்லித் திரியக்கூடாது என்பது நம் மார்க்கம். கூட்டத்தில் எழுந்து சொல்வது முறையா? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் "அல் அத்கார்" நூலில், பாவத்தைப் பரப்புவதைக் கண்டித்த இடத்திலேயே, மீளும் வழியைக் கற்றுத்தரக்கூடிய ஒருவரிடம் அதைச் சொல்வதில் குற்றமில்லையென்று விலக்களித்திருக்கிறார்கள். மருத்துவரிடம் புண்ணைக் காட்டுபவன் வெட்கங்கெட்டவன் ஆவானா?

"மதீனத்து மக்கள் ஒரே ஆயத்தில் விட்டார்களே, இவனுக்கு என்ன கேடு?" என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. விலக்கு ஒரே நாளில் இறங்கவில்லை, படிப்படியாக இறங்கியது. இறுதிக் கட்டளை வந்த நாளில் ஊரே சேர்ந்து பாத்திரங்களைத் தெருவில் கவிழ்த்தது. ஊற்றிக்கொடுக்க அண்டைவீட்டான் இல்லை. ஏளனம் செய்ய எதிர்வீட்டான் இல்லை. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா சட்டத்தின் துணைகொண்டு செய்யமுயன்று தோற்ற ஒன்றை மதீனா எப்படிச் சாதித்தது என்று ஆராய்ந்து, சூடான் நாட்டு உளவியல் அறிஞர் மாலிக் பத்ரீ 1976-இல் ஒரு நூலே எழுதினார். மதீனாவில் எவனும் தனியாக விடவில்லை. போடியில் நாம் ஒருவனைத் தனியாக நிறுத்திவைத்து மதீனாவை அளவுகோலாகக் காட்டுகிறோம்!

அந்த மதீனாவிலும் மறுபடி மறுபடி விழுந்த ஒருவர் இருந்தார். நாயகம் (ஸல்) அவர்களைச் சிரிக்கவைப்பவர். குடித்ததற்காகத் தண்டனையும் பெற்றவர். எத்தனை முறைதான் இவன் கொண்டுவரப்படுவான் என்று சொல்லி ஒருவர் அவரைச் சபித்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் சபிப்பதைத் தடுத்து, அம்மனிதர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்றளித்ததாக இமாம் புகாரீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். தண்டனை ரத்தாகவில்லை. அவரது இடமும் ரத்தாகவில்லை. காதிஸிய்யாப் போர்க்களத்தில் விலங்கிடப்பட்டுக் கிடந்த அபூ மிஹ்ஜன், விலங்கைக் கழற்றச் செய்து போரிட்டு, சொன்னபடி திரும்பிவந்து தாமே காலில் விலங்கை மாட்டிக்கொண்டதையும், தளபதி ஸஅது (ரலி) இனி உமக்குக் கசையடி இல்லையென்று சொன்னபின் அவர் மதுவையே விட்டதையும் வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். நம்பிக்கை வைத்ததும் நிமிர்ந்தார் அவர்.

நாம் என்ன செய்தோம்? மலையடிவாரத்து மஹல்லா ஒன்றில், பல ஆண்டுகளுக்கு முன், மகனின் குடியால் ஊர்ப்பெயர் கெட்டதென்று ஒரு தகப்பனாருக்கு அபராதம் விதித்தார்கள். அது கட்டப்படும்வரை மகளின் நிக்காஹுக்குத் தஃப்தர் தரமறுத்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாமும் பாயில் அமர்ந்திருந்தோம். வாய் திறந்தோமில்லை. அபராதம் கட்டப்பட்டது, பள்ளிவாசலுக்கு இரண்டு மின்விசிறிகள் வந்தன. அந்த மகனுக்குத்தான் பின்னர் "மஞ்சள் காமாலை" வந்தது.

சென்னையில் மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன் குடிநோயால் இளமையிலேயே மாண்டார். அவருடைய மனைவி சாந்தி ரங்கநாதன் அதைக் காமாலை என்று சொல்லி மறைக்கவில்லை. 1980-இல் குடிநோயாளருக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கி, தம் கணவரின் பெயரையே அதற்கு வைத்தார். எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் அந்த வாசலில் நுழைந்து மீண்டிருக்கின்றன. 1992-இல் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. குலப்பெருமையில் அவர்களைவிட நாம் உயர்ந்துவிட்டோமா, சொல்லுங்கள்.

சிற்றூரில் கூட்டம் கூடினால் இரகசியம் நிற்குமா என்பது நியாயமான அச்சம். தெரியாத முகங்களைத் தேடி ஒருவன் தொண்ணூறு கிலோமீட்டர் தாண்டி மதுரைக்குப் போகலாம். 2023 ஜூனில் போடிக்கு இரயிலும் திரும்பிவந்திருக்கிறது. ஒரு மாதம் போவான், இரண்டு மாதம் போவான். காய் எடுப்புக் காலத்தில், கூலிக்கு அலைபவன், வாரந்தோறும் போவானா? உள்ளூரில் வேண்டும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தாலே ஒரு குழு என்பது அக்கூட்டுறவின் வழக்கம். இந்து சகோதரரும் கிறிஸ்தவ சகோதரரும் அங்கே வருவர். ஒரே ஜீப்பில் மலையேறுகிறவர்களுக்கு ஒரே அறையில் அமர்வது கடினமாகாது.

நம் நிர்வாகிகளுக்கு இடிக்கும் இடம் வேறு என்பதை நாம் அறிவோம். அந்தக் குழுவுக்குத் தலைவர் நாற்காலி கிடையாது. வெளியார் நன்கொடையை அவர்கள் வாங்குவதில்லை. அறைக்கு ஒரு சிறு வாடகையைத் தம் உண்டியலிலிருந்தே கொடுத்துவிடுவார்கள். ஆகவே உபயதாரர் பெயர் பொறித்த பளிங்குக் கல் பதிக்க வழியில்லை. திறப்பு விழா, பொன்னாடை, புகைப்படம் ஒன்றும் இல்லை. யார் வந்தார் என்று கேட்கும் உரிமையும் ஜமாஅத்துக்கு இல்லை. இடத்தைக் கொடுத்துவிட்டு விலகி நிற்கவேண்டும். இத்தனை காலம் நாம் பழகாத கலை அது!

பெண்களை மறந்துவிடக் கூடாது. நகையை அடகு வைத்தவள் அவள், அடிபட்டவள் அவள், "அவள் சரியாக இருந்தால் அவன் ஏன் குடிக்கிறான்" என்ற பழியைச் சுமப்பவளும் அவளே. குடிநோயாளரின் குடும்பத்தார் தமக்கென்று கூடும் "அல்-அனான்" என்ற அமைப்பு 1951 முதல் உலகில் இயங்குகிறது. வாரந்தோறும் பெண்கள் பயானுக்கு இடமும் நேரமும் கண்டுபிடித்த நமக்கு, அதே இடத்தில் இன்னொரு நாள் ஐந்தாறு பெண்கள் வாய்விட்டுப் பேசி அழ இடம் கிடைக்காமலா போகும்? ஆலிமாக்கள் இதனை முன்னின்று செய்யலாம்.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. மதரஸாவின் மாடி அறை ஞாயிற்றுக்கிழமைகளில் மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே பூட்டிக்கிடக்கிறது. படிக்கட்டு பின் சந்திலிருந்து ஏறுகிறது. பள்ளிவாசல் முகப்பில் அமர்ந்திருப்போர் கண்ணில் படாமல் ஏறி இறங்கலாம். பாய்கள் இருக்கின்றன. விளக்கு இருக்கிறது. பலகை ஏதும் மாட்ட வேண்டியதில்லை. அடுத்த பொதுக்குழுவில் இதனை நாமே எழுந்து கேட்கப்போகிறோம்; இம்முறை பாயில் வாய்மூடி அமர்ந்திருக்கப் போவதில்லை. அறைக்கு இப்போது இரண்டு சாவிகள் உண்டு: ஒன்று முத்தவல்லியிடமும் மற்றொன்று மோதினாரிடமும். மூன்றாவது சாவியொன்று செய்ய ஐம்பதோ நூறோ ஆகும். அதை நாம் தருகிறோம்.